எத்தனை கம்பம் தெரிகிறது

காரணம் சொல்லாமல் யாராவது என்னைக் காக்க வைத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். காத்திருப்பதில் வருத்தமில்லை. பாகூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவளுக்குக் காத்திருப்பது பாதித் தொழில். ஆனால் ஏன் காத்திருக்கிறேன் என்று தெரிய வேண்டும். "கொஞ்சம் லேட்டாகும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களைப் பார்த்தால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நிற்க வைத்துக் கேட்கத் தோன்றும்.

எங்கள் வீட்டில் அவருக்கு டிராக்டர், எனக்குக் கார் என்று ஆகிவிட்டது. அவர் நெல்லும் கரும்பும் பார்க்கிறார். நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகத்தான் கார் ஓட்டப் பழகினேன். ஒருமுறை எங்கள் தெருப் பெண் ஒருத்தி தனியாக வெளிநாடு போனாள். "நீயே கொண்டுபோய் வுட்டுட்டு வாயேன்" என்றார்கள். போனேன். திரும்பி வரும்போது அந்தச் சாலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அப்புறம் வில்லியனூர் பக்கம், நெட்டப்பாக்கம் பக்கம் என்று என் போன் எண் கைமாறியது. வேலைக்குப் போகிற நர்சுகள், பிரான்சில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற அம்மாக்கள், இப்படித் தனியாகப் போய்வருகிற பெண்கள்தான் என் வண்டியில் அதிகம்.

அப்படி ஒரு பிரான்ஸ் அம்மாவைக் கூட்டிவரப் போன நாள் போகிப் பண்டிகை. வாசலில் பழைய பாய் இரண்டையும் கிழிந்த முறத்தையும் கொளுத்திவிட்டுக் கிளம்பினேன். காலை ஏழு மணிக்கு வர வேண்டிய விமானம் வரவில்லை. பலகையில் பெங்களூருக்குத் திருப்பிவிடப்பட்டது என்று போட்டார்கள். விசாரணை மேசையில் இருந்தவரிடம் ஏன் என்று கேட்டேன். "விசிபிலிட்டி இல்லைம்மா" என்றார். வெளியே வெயில் அடிக்கிறது. எதிரில் நிற்கிற பேருந்தின் எண்ணைக்கூட என்னால் படிக்க முடிகிறது.

"எனக்கு எல்லாம் தெரியுதே சார். அவருக்கு இன்னா தெரியல?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். என் கோபத்தை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த இன்னொரு டிரைவர்தான் தன் போனைக் காட்டினார். ஒரே வரி. இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்து, மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. "இதான் ஏர்போர்ட்டோட வானிலை அறிக்கை. அரை மணிக்கு ஒருவாட்டி மாத்துவான். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா இதுலதான் எல்லாம் இருக்குதாம்" என்றார்.

எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு படிக்காமல் எப்படி இருப்பது? அன்றைக்கு நான்கு மணி நேரம் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டினேன். முதலில் நேரமே உதைத்தது. பூஜ்யம் ஒன்று மூன்று பூஜ்யம் என்று இருந்தது. நடு இரவு ஒன்றரை மணி அறிக்கையைக் காலையில் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று திட்டினேன். உலகம் முழுவதற்கும் ஒரே கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம்முடைய நேரம் வரும் என்று பிறகுதான் புரிந்தது. அது காலை ஏழு மணி அறிக்கை.

கடைசியில் நோசிக் என்று ஒரு சொல். வீட்டுக்குப் போன் போட்டு அவரிடம் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "நோ சிக்னல்னு போட்டுக்கிறான். டவர் இல்லாம பிளேன் எப்பிடி எறங்கும், பாவம்" என்றார். நானும் ஒரு வாரம் அப்படித்தான் நம்பினேன். சென்னையில், அதுவும் விமான நிலையத்தில், இத்தனை நாள் சிக்னல் இல்லாமல் வைத்திருக்கிறார்களே என்று ஆதங்கப்பட்டேன். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குப் பெரிய மாற்றம் எதுவும் வராது என்பதற்கான சுருக்கம் அது.

மதியம் அந்த அம்மா வந்து சேர்ந்தார். திண்டிவனம் தாண்டும்போது, பேச்சு கொடுக்கலாம் என்று, அறிக்கையில் எஃப் யூ என்று இரண்டு எழுத்து இருந்தது, அது இன்னவென்று புரியவில்லை என்றேன்.

"ஃப்யுமேவா இருக்கும். பிரெஞ்சுல பொகைன்னு அர்த்தம்" என்றார் பின்சீட்டிலிருந்து. "போகிப் பொகை."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உலகத்து விமானிகளெல்லாம் படிக்கிற வரியில் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த சொல். அந்தப் புகையில் என் பாயும் முறமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றும் தோன்றியது. அவர் விமானத்தை நானே திருப்பி அனுப்பியிருக்கலாம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பி ஆர் என்று இன்னொன்றும் வந்ததே, அது என்ன என்று கேட்டேன்.

"ப்ரூம். மூட்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். எஃப் யூ, புகை. பி ஆர், பனி. அவர் மூட்டம் என்று சொன்னதை நான் பனி என்று எழுதினேன். எங்கள் வீட்டில் கண்ணை மறைப்பதும் பனிதான், காலையில் புல்லில் நிற்பதும் பனிதான், காதை அடைக்க வைக்கிற குளிரும் பனிதான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் ஓட்டிவிடுவோம். அறிக்கை எழுதுகிறவர்கள் அப்படி விடுவதில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் பார்வை இருந்தால் அது பி ஆர். அதற்குக் கீழே போனால் எஃப் ஜி, அடர்மூட்டம். பார்வை என்பது இத்தனை மீட்டர் என்று நான்கு இலக்கத்தில் எழுதியிருக்கும். பரவாயில்லை, சுமார், ஓரளவு என்பதற்கெல்லாம் அந்த வரியில் இடமே கிடையாது. அதனாலேயே எனக்கு அது பிடித்துப்போனது.

அந்த மீட்டர் எப்படித் தெரிகிறது என்பது அடுத்த கேள்வி. ஓடுபாதை ஓரத்தில் அதற்குக் கருவி இருக்கிறது. அதோடு, தெரிந்த தூரத்தில் இருக்கிற கட்டடம், கோபுரம், விளக்கு இவற்றில் எது வரைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஆள் பார்த்து எழுதுகிற வழக்கமும் உண்டு என்று படித்தேன். இது நம்மால் ஆகாதா என்று மறுநாள் மொட்டை மாடிக்குப் போனேன். போனில் வரைபடத்தைத் திறந்து அளந்தேன். வாட்டர் டேங்க் நானூறு மீட்டர். செல்போன் டவர் ஆயிரத்து இருநூறு. ஏரிக்கரைப் பனைமரம் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அன்றிலிருந்து பல் விளக்கிக்கொண்டே மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "பாகூர் ஏர்போர்ட் இன்னா சொல்லுது? பிளேன் எறங்கலாமா?" என்பார். டவர் தெரியாத நாளில் இறங்கக்கூடாது என்று நானும் உத்தரவு போடுவேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எத்தனை மீட்டர் என்பதைவிட, எத்தனை மீட்டர் வரைக்கும் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விமானம் இறங்குவதற்கு ஓர் அளவு உண்டு. ஓடுபாதைக்கு வழிகாட்டுகிற கருவி சாதாரண வகையாக இருந்தால் ஐந்நூற்று ஐம்பது மீட்டர். அதைவிடக் குறைவு என்று அறிக்கை சொன்னால், இறங்குவதற்கான கடைசிக் கட்டத்துக்குள்ளேயே வரக்கூடாது. வந்தாலும் தரையிலிருந்து இருநூறு அடி உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்கோ கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். இன்னும் பத்து அடி இறங்கிப் பார்ப்போமே என்பது கிடையாது. பின்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கலாம், அதில் ஒருவருக்குக் கல்யாணம் இருக்கலாம், விமானிக்கே வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கலாம். அந்த இடத்தில் போய் உட்கார்ந்து யோசித்தால் மனசு எப்படியும் ஒரு காரணம் கண்டுபிடிக்கும் என்று தெரிந்துதான், முன்கூட்டியே, தரையில் இருக்கும்போதே அளவு வைத்துவிடுகிறார்கள்.

அவ்வளவு பெரிய விமானத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. அதில் ஏறப் போகிறவர்களைக் கூட்டிப்போகிற என் காருக்கு? ஒன்றும் இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தாலும் நான் போகலாம். யாரும் கேட்கமாட்டார்கள். போகாவிட்டால்தான் கேட்பார்கள்.

அதனால் எனக்கு நானே ஓர் அளவு வைத்துக்கொண்டேன். சாலை ஓரத்துக் கரண்ட் கம்பங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் ஐம்பது மீட்டர் என்று நடந்து பார்த்துக் கணக்குப் போட்டேன். வண்டிக்கு முன்னால் மூன்று கம்பம் தெரிந்தால் மெதுவாகப் போவது. மூன்றாவது கம்பம் மறைந்தால் பாதுகாப்பாக ஒதுங்க இடம் பார்த்து நிறுத்திவிடுவது. யார் என்ன சொன்னாலும் நிறுத்திவிடுவது. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் பார்த்துவிட்டு, "பைலட்டம்மா" என்று இரண்டு நாள் கூப்பிட்டார்.

இன்னொரு ஏற்பாடும் செய்தேன். மார்கழி, தை மாதங்களில் திண்டிவனம் சாலையில் வயலும் ஏரியும் அதிகம் என்பதால் பனி மூடிக்கொள்ளும். கடற்கரைச் சாலையில் அவ்வளவு இருக்காது. அது கொஞ்சம் சுற்று. ஆகவே மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிக் கடற்கரை வழியாகப் போய்விடுவேன். தெரிந்துகொள்வதற்குக் கிளியனூர் தாண்டி ஒரு டீக்கடைக்காரர் இருந்தார். நான்கு மணிக்கே கடை திறப்பார். அவர்தான் என் வானிலை நிலையம்.

கரையாம்புத்தூர் நர்சுப் பெண் வந்தது அடுத்த வருஷம் தை மாதத் தொடக்கத்தில். அவள் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மாவும் வயல் வேலைதான். அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாக நர்சிங் படித்தவள் அவள். வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. காகிதங்கள் இழுத்தடித்து வந்ததில், விசாவின்படி அந்த நாட்டுக்குள் நுழையக் கடைசி நாள் எதுவோ அந்த நாளுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. காலை பத்தரைக்கு விமானம். ஒன்பதரைக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் விசா காலாவதி, வேலை இன்னொருவருக்கு. இதை அவள் அப்பா என்னிடம் போனில் மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறையும் கேட்டுக்கொண்டேன்.

நான்கு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் இருந்தேன். தெருவில் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. பெட்டிகள் தயாராக இருந்தன. மூடியிருந்தால் உடனே கிளம்பிக் கடற்கரைச் சாலை, இல்லாவிட்டால் ஐந்து மணிக்குக் கிளம்பித் திண்டிவனம் சாலை என்று முன்பே சொல்லியிருந்தேன். அங்கேயே நின்று டீக்கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அங்க பனி எப்பிடி?"

"பனியா? பனிலாம் இல்லம்மா. நேத்துதான் அதிகம். இன்னிக்கி நான் ஸ்வெட்டர்கூட போடல" என்றார்.

"பனி இல்லையாம். அஞ்சுக்குப் போவலாம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. எனக்கு டீ வந்தது. அவள் அப்பா என்னோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விமானத்தில் சோறு போடுவார்களா என்று கேட்டார். ஐந்தே காலுக்கு ஜெபம் பண்ணி, பெண்ணையும் அப்பாவையும் ஏற்றிவிட்டார்கள். அம்மா வாசலோடு நின்றுகொண்டார்.

வில்லியனூர் வரைக்கும் சாலை நன்றாக இருந்தது. பத்துக்கண்ணு தாண்டியதும் வயல் பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. கிளியனூர் நெருங்கும்போது நான்கு கம்பம். பிறகு மூன்று. பிறகு ஒரு வளைவில் திரும்பினேன், இரண்டாவது கம்பமே அரைகுறையாக நின்றது. நல்ல வேளையாக அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. உள்ளே திருப்பி, சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நிறுத்தினேன். மணி ஆறே கால்.

"இன்னாம்மா, பெட்ரோலா?" என்றார் அப்பா.

"இல்லங்க. கொஞ்சம் வெளுக்கட்டும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பின்சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து வந்தார். "இன்னாம்மா சொல்ற? பஸ்காரன் போறான், லாரிக்காரன் போறான். நீ இன்னா ஓரம் கட்டிட்ட? பிளேன் நமக்காவ நிக்குமா?"

"நிக்காதுங்க."

"அப்ப எடு வண்டிய."

எடுக்கவில்லை. அவர் கெஞ்சினார், பிறகு திட்டினார். உண்மையில் என் கை சாவியின் மேல்தான் இருந்தது. ஒரு கம்பம் தெரிந்தால் போதாதா, இருபதில் போனால் என்ன ஆகிவிடும், அந்தப் பேருந்தின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்விடலாமே என்று மனசு வரிசையாகக் காரணம் எடுத்துக் கொடுத்தது. எல்லாமே நல்ல காரணமாகத்தான் இருந்தன. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கடற்கரைப் பக்கம் திரும்பலாம் என்றாலும், அதற்குக் குறுகலான ஊர்ச்சாலையில் இதே வெள்ளைக்குள்தான் போக வேண்டும்.

போனைத் திறந்து சென்னை அறிக்கையைப் பார்த்தேன். ஆறு மணி நிலவரம் மூவாயிரம் மீட்டர், பி ஆர். அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே என் வண்டியின் முன்மூக்குக்கு அப்பால் ஊரே இல்லை.

"இன்னாக்கா பாக்குறீங்க?" என்றாள் பெண். நான் போனைக் காட்டி விளக்கினேன். மீட்டர், இரண்டெழுத்து, ஐந்நூற்று ஐம்பது, என் மூன்று கம்பம், எல்லாவற்றையும். எனக்கு மாதக்கணக்கில் பிடிபடாதது அவளுக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டது.

"எங்க வார்டுலயும் இப்பிடித்தான்கா. பிரஷர் இதுக்குக் கீழ போனா டாக்டரக் கூப்புடணும்னு முன்னாலயே எழுதி வச்சிருக்கும். நின்னு யோசிக்கக் கூடாது" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "சும்மா இருப்பா. அவங்க எடுக்க மாட்டாங்க" என்றாள். அவர் காரை விட்டு இறங்கிப் போய்விட்டார். நாலடி தள்ளி நின்றார் போல, ஆனால் எங்களுக்குத் தெரியவில்லை.

அவளை ஏற்றிப்போக வேண்டிய விமானம் அந்த நாட்டிலிருந்து வந்து சென்னையில் இறங்கிய பிறகுதான் மறுபடி கிளம்பும். சென்னையிலும் மூட்டம் விழுந்தால் அது இறங்க முடியாது. இறங்காவிட்டால் தாமதம். தாமதமானால் இவள் போய்ச் சேரலாம். இதைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அங்கேயும் மூடட்டும் என்று நான் மனசார வேண்டினேன். நானூறு பேர் திட்டினாலும் பரவாயில்லை, மூடட்டும்.

ஆறரை அறிக்கை இரண்டாயிரம் என்றது. "கொறையுதுக்கா" என்றாள். ஏழு மணி அறிக்கைக்காக இருவரும் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். வந்தது. தொள்ளாயிரம் மீட்டர், எஃப் ஜி.

"இன்னும் முன்னூத்தம்பது கொறையணும்" என்று உடனே கணக்குச் சொன்னாள். அவள் கை என் தோளைப் பிடித்திருந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் ஓர் எண் குறைய வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஏழு இருபத்தைந்துக்கு மூன்றாவது கம்பம் தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திண்டிவனம் போவதற்குள் ஏழரை அறிக்கையை அவளே படித்தாள். "ஆயிரத்தி ஐநூறு. பி ஆர்" என்றாள். அதற்கப்புறம் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரை மூடிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அங்கிருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். விமானம் தாமதமாகியிருந்தால் வானிலையால் என்று கடிதம் கொடுக்கலாம், அதை வைத்து விசாவுக்குப் பேசிப் பார்க்கலாம், ஆனால் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்புகிறதே என்றாள். விமான நிலையத்தில் விழுந்த மூட்டம் அரை மணிக்கு ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது. கிளியனூரில் விழுந்ததை யாரும் எழுதவில்லை. பங்கில் நிற்கும்போது நான் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினேன். அப்பாவும் பெண்ணும் இறங்கவில்லை. டீக்கடைக்காரரிடம் போய், "இன்னாண்ணே, பனி இல்லன்னு சொல்லிட்டீங்களே" என்றேன்.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "இல்லதானம்மா. பனி எங்க இருந்துச்சு? குளுரே இல்ல. மூட்டம்தான் மொத்தமா நின்னுச்சு. மூட்டம் இருக்குதான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார்.

அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பனி என்றால் தலையில் இறங்குவது. மூட்டம் என்றால் கண்ணை மறைப்பது. மூன்றுக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டியது நான்தான். அவருடைய ஸ்வெட்டர் பேச்சைக் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சரியான சொல்லைக் கேட்டிருந்தால் நான்கு மணிக்கே கடற்கரைச் சாலையில் போயிருப்போம். எட்டரைக்கெல்லாம் அவள் பெட்டியை எடை போட்டிருப்பாள். காருக்குத் திரும்பி வந்து வண்டியை எடுத்தேன். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. இவள் வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். அப்பா மூன்று மாதம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவள் போகிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தாள். அந்தக்கா வண்டியில்தான் போகணும், யார் சொன்னாலும் அளவு தாண்ட மாட்டாங்க, அன்னைக்கு அவங்க நிறுத்தினதாலதான் நாங்க இருக்கிறோம் என்று கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் என்னிடம் அனுப்பினாள். கொஞ்ச நாளில் அப்பாவும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொருவரும் வந்து அதைச் சொல்லும்போது எனக்குக் கூசும். நிறுத்தியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான். அந்தப் பாதியை மறைத்துவிட்டு இந்தப் பாதிக்கு மாலை வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் போன் போட்டால் பனி, மூட்டம் என்ற பேச்சே இல்லை. "எத்தினி கம்பம் தெரியுது?" என்று மட்டும் கேட்கிறேன். டீக்கடைக்காரர் வெளியே வந்து எண்ணிச் சொல்கிறார்.

இந்த ஆவணியில் அவளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. வேறு நாடு. என்னைத்தான் கூப்பிட்டாள். மழையும் இல்லை, மூட்டமும் இல்லை, மதியத்துக்கு மேல் விமானம். நான் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போனேன். அவள் அதற்கும் முன்னால் பெட்டியோடு தெருமுனைக்கே வந்து நின்றிருந்தாள். அப்பாவுக்குக் கரும்பு வெட்டு, வரவில்லை. அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார்.

கிளியனூர் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. சாலையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பனி என்று கேட்டது, ஸ்வெட்டர், மூட்டம், கடற்கரைச் சாலை. "ஒன் வேலை போனது என்னாலதான். இத்தினி நாள் சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்கா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"காலையில குளிக்கப் பின்னாடி போனேன்ல, அப்பவே பாத்தேன். கரும்புக் கொல்லை மேல மூட்டம் மொத்தமா நின்னுச்சு. நீங்க உள்ள பாத்துப் பனி இல்ல, அஞ்சுக்குப் போவலாம்னீங்க. நீங்க மூட்டத்தக் கேக்காம பனியக் கேட்டுட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் ஒண்ணும் சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கம்மா அப்பதான் எனக்குத் தலை பின்ன ஒக்காந்தாங்க. சின்னப் புள்ளையில பின்னி வுட்டது. அதுக்கப்புறம் அவங்களுக்கு விடியறதுக்குள்ள வயலுக்கு ஓடவே நேரம் சரியா இருக்கும். அன்னிக்கு மெதுவா, பிரிச்சுப் பிரிச்சுப் பின்னாங்க. மூட்டம்னு ஒரு வார்த்தை சொன்னா அப்பவே எழுந்திரிக்கணும்."

ஒரு லாரியைத் தாண்டினேன். ரொம்ப தூரம் போன பிறகு, "இந்த வாட்டி?" என்று கேட்டேன்.

"இந்த வாட்டி நானே பின்னிக்கினேன்கா" என்றாள்.